முயல் விசில்

றோன் மலை
6 பெப்ரவரி 2006

அன்பின் மங்கை,

சுகமாக இருக்கிறீரா என்று எழுதித் தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரி வாசலில் இருந்து அக்காவின் காரில் ஏறி ஹம்முக்குப் போனவரிடம் அப்படிக் கேட்பது சரியில்லை என்று பட்டது. கால் எப்படி? விரல்களில் இருந்த கறுப்பு மாறிவிட்டதா? ஹம்மில் டொக்டர் என்ன சொல்கிறார்?

போன் எடுத்தால் புஸ்பவதி அக்காதான் எடுக்கிறா. "அவள் படுத்திருக்கிறாள் தம்பி, பிறகு எடுங்கோ" என்கிறா. எந்த நேரம் எடுத்தாலும் நீர் படுத்திருக்கிறீர். நேற்று மட்டும் போனை வைக்க முதல் அக்கா ஒன்று கேட்டா. "அண்டைக்கு அவளுக்குக் கேட்டது என்ன சத்தம்? அதையாவது அவளுக்கு எழுதி விடுங்கோ." அதனால் எழுதுகிறேன்.

அது விசில் சத்தம் மங்கை. ஊதினது நான்.

மரவாடியில் என்னோடு வேலை செய்கிற ஹெல்மூட்டோடு நான் வேட்டைக்குப் போவது உமக்குப் பிடிக்காது. சோதனை பாஸ் பண்ணி லைசென்ஸ் எடுத்த நாளில் இருந்தே அந்தக் கதையை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று வைத்திருந்தேன். துவக்கு ஹெல்மூட் வீட்டில். உடுப்பைக்கூட அங்கேதான் மாற்றுவேன். காட்டுக்குள் போய்ச் சும்மா காத்திருக்கிறோம் என்றுதான் நீர் நினைத்திருப்பீர். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சும்மா காத்திருந்தால் நரி வராது. அதைக் கூப்பிட வேண்டும். வாயால் ஊதுகிற சின்னச் சின்ன விசில்கள் இருக்கின்றன. எலியின் கீச்சுக்கு ஒன்று, பூனை பிடித்த குருவிக்கு ஒன்று, அடிபட்ட முயலுக்கு ஒன்று. பிராங்பேர்ட்டில் ஒரு கடையில் போய் அரைநாள் நின்று, ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துத்தான் வாங்கினேன். எலி விசில் பக்கத்து வயலில் நிற்கிற நரிக்கு மட்டும் கேட்கும். முயல் விசில் காடு தாண்டிக் கேட்கும். மான்கொம்பில் செய்தது, உள்ளே நாதசுரத்துக்குச் சீவாளி மாதிரி ஒரு மெல்லிய தகடு. குளிரில் எச்சில் உறைந்து தகடு ஒட்டிக்கொள்ளும், அதனால் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஊதி, விரல்களை விரித்து மூட வேண்டும். நரி கிட்டவே படுத்திருக்கலாம், ஆனபடியால் முதலில் மெதுவாக. பிறகு பலமாக. பிறகு தெம்பு போகிற மாதிரி இறக்கி, நிறுத்திவிட வேண்டும். பிறகு கனநேரம் காத்திருக்க வேண்டும். நெடுக ஊதினால் நரிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அன்று மேல் றோட்டைப் பனி மூடிவிட்டது. எங்கள் வீட்டுக்கு மேலே, மலையில் வழமையாகப் போகிற இடத்துக்குக் கார் ஏறவில்லை. அதனால்தான் எங்கள் வளவுக்கு அங்கால், ஓடைக்கரைப் பற்றைக்குள் தனியாக இருந்தேன். ஒருதரம் ஊதினேன். காத்திருந்தேன். இன்னொருதரம் ஊதினேன். முதல் தரம் ஊதினபோதே நீர் வெளியே வந்துவிட்டீர் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீர் ஓடைத் தண்ணீருக்குள் இறங்கி மேலும் கீழுமாகத் தேடிக்கொண்டு திரிந்திருக்கிறீர், நான் இந்தப் பக்கத்தில் இருந்து ஊதிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மைமல் இருட்டுக்குள் பற்றை அசைந்தது. நரி வருகிற பக்கம்தான். துவக்கைத் தூக்கினேன். விரல் விசையில் இருந்தது. அப்போதுதான் உம்முடைய குரல். "அம்மா வாறன், அம்மா வாறன்" என்று சொல்லிக்கொண்டு பனிக்குள் வெறுங்காலோடு வந்தீர். என்னைக் கண்ணால் பார்த்தீர், ஆனால் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனீர்.

அந்த விரலை நான் வேலையிலும் பார்க்கிறேன், சாப்பிடும்போதும் பார்க்கிறேன்.

அது முயல்தான் மங்கை. முயல் மாதிரி ஒரு சத்தம். வேறொன்றும் இல்லை. பயப்பட வேண்டாம். அக்கா போனை உம்மிடம் தந்தால் ஒரு வசனம் கதையும்.

சிவகுரு

*

ஹம்ம் ஊன்ட்றொப்
14 பெப்ரவரி 2006

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வலக்காலில் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். மற்றவை தப்பும் என்று சொல்கிறார்கள். டொக்டரிடம் போக அடுத்த டெர்மின் மாத முடிவில்.

முயலைப் பற்றி வடிவாக எழுதியிருக்கிறீர்கள். எச்சில் எப்படி உறையும், கையை எப்படிப் பொத்த வேண்டும் என்றெல்லாம். நானும் ஒன்று எழுதுகிறேன்.

குளியலறை அலுமாரியில் மேல்தட்டில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். நித்திரைக் குளிசை என்று உங்களுக்குச் சொன்னேன். அது நித்திரைக்கு இல்லை. இல்லாத சத்தம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிற குளிசை.

முதன்முதல் கேட்டது மூன்று மாரிக்கு முந்தி, ஒரு பனி நாளில். நீங்கள் ஹெல்மூட்டோடு போயிருந்தீர்கள். குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன், மலைப்பக்கத்து யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. குழந்தை அழுதது. தண்ணீரை நிற்பாட்டினேன். இன்னும் தெளிவாகக் கேட்டது. அடுத்த மாரி டவுனில் இருக்கிற டொக்டரிடம் போனேன். அவ ஒரு பொம்பிளை, நல்லவதான். என்ன சத்தம் என்று கேட்டா, சொன்னேன். பிள்ளை ஏதும் இறந்திருக்கிறதா என்று கேட்டா. ஓம் என்றேன். அதற்குமேல் அவ கேட்கவில்லை, எழுதித் தந்துவிட்டா.

குளிசை போட்டும் கேட்டது. கூட்டித் தந்தா. அப்படியும் கேட்டது. கை நடுங்கத் தொடங்கியது. வயோதிபர் இல்லத்துக் குசினியில் என் கையால் எத்தனை கோப்பை உடைந்தது என்று கூட வேலை செய்கிற பெண்களைக் கேளுங்கள். வெயில் வந்ததும் சத்தம் நின்றுவிடும். மருந்து வேலை செய்கிறது என்று டொக்டருக்குச் சந்தோஷம். பனி விழுந்ததும் திரும்ப வரும். "என்னப்பா, நெடுகப் படுத்துக் கிடக்கிறீர்?" என்று நீங்கள் கதவடியில் நின்று கேட்பீர்கள். உங்கள் சட்டைப் பைக்குள் அந்த விசில் அப்போது இருந்திருக்கும்.

நீங்கள் வெளியே போகிற நாட்களில்தான் கேட்டது. அது எனக்குத் தெரியும். தனியாக இருக்கும்போதுதான் வருத்தம் வருகிறது என்று நினைத்தேன்.

எனக்கு ஒன்றும் இல்லை என்று அக்காவுக்குச் சந்தோஷம். அம்மனுக்கு நெய் விளக்குப் போட்டுவிட்டு வந்தா. "பைத்தியம் இல்லையடி, அது வெறும் விசிலாம்" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நான் அழவில்லை. மூன்று மாரியாக நான் கேட்டது எங்கள் பிள்ளை ஆரணி இல்லை, நீங்கள். அதை வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட வேண்டுமா?

மங்கை

*

றோன் மலை
18 பெப்ரவரி 2006

மங்கை,

அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மூன்று பெட்டி இருந்தது. அதற்குள் இருந்த தாளைப் பிரித்து ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். கை நடுங்கும், உடம்பு பாரிக்கும், முகம் விறைக்கும் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. என் கண்ணுக்கு முன்னால் நடந்ததெல்லாம் அதில் அச்சடித்துக் கிடக்கிறது.

நான் உம்மைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மங்கை, நீரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லையே. கோபத்தில் எழுதவில்லை. கோபம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நீர் ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சி. இங்கே அகதி முகாமில் இருந்தபோது ஊரில் இருந்து பெரியண்ணையின் கடிதம் வந்தது, பெண்பிள்ளை என்று. கன்டீனில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். சண்டைக்குள் தபால் எங்கே கிடந்து வந்ததோ, அவள் இல்லை என்ற அடுத்த கடிதமும் அதே கிழமை வந்தது. கேக் சாப்பிட்ட ஆட்கள் இருக்கிற அதே அறைக்குள் அதையும் வாசித்தேன். ஒரு படம்கூட என்னிடம் இல்லை. நீர் இங்கே வந்த பிறகு பெயரைச் சொன்னதோடு சரி. கேட்டால் நீர் உடைந்து போவீர் என்று நான் கேட்கவில்லை. அப்படியே வருசம் போய்விட்டது. நான் அவளைத் தூக்கவில்லை, பார்க்கவில்லை, அவள் அழுததைக் கேட்கவில்லை. கடையில் விசிலை ஊதிப் பார்த்து எடுத்தபோது என் காதுக்கு அது முயல்தான். வேறு என்னவாக இருக்கும் என்று யோசிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

முயல் விசிலை இனி ஊத மாட்டேன். எலி விசில் போதும் என்று ஹெல்மூட்டிடம் சொன்னேன். "எலி விசிலுக்குத் தூரத்து நரி வராதே" என்றார். வராவிட்டால் பரவாயில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். பல்லு வலி, பலமாக ஊத முடியவில்லை என்று சொன்னேன்.

உண்மையாகவே அது அவளுடைய அழுகை மாதிரியா இருந்தது? எந்த இடம் அப்படி இருந்தது? தொடக்கமா, முடிவா?

விசிலை இதோடு அனுப்புகிறேன். உடையும். எறியும். உம்முடைய விருப்பம்.

சிவகுரு

*

ஹம்ம் ஊன்ட்றொப்
24 பெப்ரவரி 2006

பார்சல் வந்தது.

தொடக்கமா முடிவா என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் நின்று கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் நல்லதாக ஒன்று பார்த்து வாங்கப் போகிறீர்களா?

அக்கா அதைக் குப்பை வாளிக்குள் போட்டா. நான் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நாளைக்கு எழுதவும் வேண்டாம்.

*

றோன் மலை
3 மார்ச் 2006

மங்கை,

எழுத வேண்டாம் என்றீர். கிராங்கன்காசவில் இருந்து காப்புறுதித் தாள் வந்திருக்கிறது, நீர் கையெழுத்து வைக்க வேண்டும். அதை அனுப்பத்தான் இது. பேனையால் புள்ளடி போட்ட இடத்தில் வையும்.

இங்கே பனி விடவில்லை. நீர் எப்போது வேலைக்கு வருவீர் என்று வயோதிபர் இல்லத்தில் இருந்து கேட்டார்கள். கால் மாறட்டும் என்று சொன்னேன். ஹெல்மூட் நேற்று வந்தார். அவர் மனைவி பட்டாணிக்கடலை சூப் தந்துவிட்டிருந்தா. குசினியில் இருந்து இரண்டு பேரும் குடித்தோம். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "மங்கை திரும்பி வருவாவா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஜெர்மன் மொழியில் சொன்னதாலோ என்னவோ, சொல்லக்கூடியதாக இருந்தது. தமிழில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

நான் கடைக்காரன் மாதிரிக் கேட்டது பிழை. எனக்கு வேறு எப்படிக் கேட்கிறது என்று தெரியவில்லை. விசிலைப் பற்றி எனக்குத் தெரியும், பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கேட்டுவிட்டேன்.

சிவகுரு

*

ஹம்ம் ஊன்ட்றொப்
10 மார்ச் 2006

அன்புள்ள உங்களுக்கு,

கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆட்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். கால் புண்ணோடு வர ஏலாது என்று சொல்லிவிட்டு நான் நின்றேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் விசிலை எடுத்து ஊதினேன். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு நீங்கள் எழுதின மாதிரி இரண்டு கையாலும் பொத்தி, வயிற்றில் இருந்து மூச்சு விட்டேன். வந்தது.

என்ன வந்தது தெரியுமா? ஒன்றும் இல்லை. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். கரகரவென்று, எச்சில் கலந்து, அருவருப்பாக. திரும்பத் திரும்ப ஊதினேன். பலமாக, மெதுவாக, கையை விரித்து, மூடி. அவளுடைய குரலில் ஒரு துளிகூட அதில் இல்லை. மேல்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டி, பூனைக்கு ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டாள். பூனை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விசிலைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியின் ஓரத்தில் இருந்தேன்.

கிட்ட நின்று ஊதுகிறவருக்கு அது கேட்காது. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடையைத் தாண்டி, பனியைத் தாண்டி, யன்னல் இடுக்கால் வரும்போதுதான் அது பிள்ளையாகிறது. நீங்கள் முயல் என்று எழுதினது பொய் இல்லை. உங்கள் காதுக்கு முயலாகக்கூட இருந்திருக்காது, ஒரு சாமானாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஒருதரம்தான் எழுதுவேன்.

ஆரணி பிறந்த நாளில் இருந்தே பலமாக அழுவாள். வேலணையில் எங்கள் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்கும். எடுத்த எடுப்பில் கத்த மாட்டாள். முனகித் தொடங்கி, பிறகு கூட்டி, கூட்டி, மூச்சு முழுக்கப் போய் முகம் நீலமாகும் வரைக்கும் போவாள். அங்கே ஒரு நிறுத்தம் வரும். அந்த நிறுத்தத்தில் எனக்கு நெஞ்சு நின்றுவிடும். பிறகு சின்னதாகத் திரும்பத் தொடங்குவாள். தொடக்கமா முடிவா என்று கேட்டீர்கள். இரண்டும் இல்லை. அந்த நிறுத்தம்தான். நீங்கள் ஊதிவிட்டுக் காத்திருக்கிற நேரம்.

ஆமி எங்கள் தீவுக்குள் இறங்கினபோது வள்ளத்தில் அராலிக்கு வந்தோம். வட்டுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. தண்ணீர் சரியில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டம். சேலைன் முடிந்துவிட்டது என்றார்கள். அவள் முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாளும் அழுதாள். அடுத்த நாள் விடிந்ததில் இருந்து அழவே இல்லை. பக்கத்தில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தன. இவள் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "ஒருக்கால் அழு குஞ்சு, அம்மாவுக்காக ஒருக்கால் அழு" என்று கேட்டேன். அழுகிற பிள்ளைக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம் என்று அங்கே நின்ற நேர்ஸ் பிள்ளை சொல்லியிருந்தாள். தொடையில் கிள்ளினேன். கையில் கிள்ளினேன். உள்ளங்காலில் நகத்தால் கீறினேன். அழவில்லை. நான் கிள்ளின அடையாளங்களோடுதான் பெரியண்ணை அவளைக் கொண்டுபோய்த் தாட்டவர்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அக்காவுக்கும் தெரியாது.

இனி, குசினியில் முதல் நாள் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நான் பயப்படவில்லை. அவளுக்கு அழத் தெம்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த மாரி முழுக்க நான் டொக்டரிடம் போகவே இல்லை. நீங்கள் சப்பாத்துப் போட்டு வெளிக்கிட்டதும் யன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சட்டி கழுவுவேன். எவ்வளவு குளிர் வந்தாலும் சாத்த மாட்டேன். அடுத்த மாரி, கதவைத் திறந்துகொண்டு அவளிடம் போகச் சொல்லி உடம்பு உதறத் தொடங்கியது. அதற்குப் பயந்துதான் குளிசை.

இங்கே ஒரு சத்தமும் இல்லை. கால்வாயில் கப்பல் போகிற சத்தம் மட்டும்தான். குளிசையையும் டொக்டரைக் கேட்டு விட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அது எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று உங்களுக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒன்று செய்யுங்கள். விசிலைத் திருப்பி அனுப்புகிறேன், இதை ஹெல்மூட்டிடம் கொடுங்கள். உங்களை ஊதச் சொல்லவில்லை. அவரை அந்தப் பற்றைக்குள் இருந்து ஊதச் சொல்லுங்கள். நீங்கள் நான் நின்ற இடத்தில் நில்லுங்கள். குசினியில், குழாயடியில், யன்னலைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு. பனி போவதற்கு முந்திச் செய்யுங்கள். பனி இல்லாவிட்டால் சத்தம் அப்படி வராது.

பிறகு எனக்கு எழுதுங்கள். முயல்தான் கேட்டது என்றால் முயல் என்றே எழுதுங்கள். எனக்காக ஒன்றையும் கூட்டி எழுத வேண்டாம். அப்படிக் கூட்டி எழுதினால் எனக்கு விளங்கும்.

மங்கை

*

றோன் மலை
19 மார்ச் 2006

அன்பின் மங்கை,

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். பிறகு ஹெல்மூட் வீட்டுக்குப் போனேன்.

நரிக் காலம் முடிந்துவிட்டது. இப்போது குட்டி போடுகிற நேரம், துவக்கு எடுக்கக் கூடாது. "பிறகு எதுக்கு ஊத வேணும்?" என்று அவர் கேட்டார். "எனக்கு வீட்டிலிருந்து கேட்க வேணும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். விசிலை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "நேரத்தைச் சொல்லு" என்றார்.

நேற்றுப் பின்னேரம் பனி கொட்டி ஓய்ந்து, காற்று விழுந்திருந்தது. அவர் வளவைக் கடந்து ஓடைப்பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பற்றைக்குள் போனதும் ஆள் தெரியவில்லை. நான் குழாயடியில் நின்றேன். யன்னலைத் திறந்துவிட்டேன். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, ஒரு சட்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.

முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரை நிற்பாட்டினேன். பிறகும் இல்லை. அவர் ஊதவில்லையாக்கும் என்று நினைத்தேன். ஓடைக்கு அங்கால் ஒரு முனகல் மாதிரி வந்தது. வேலைக்களைப்பில் வருகிற காதிரைச்சலோ என்று நினைக்கிற அளவுக்குத்தான். பிறகு கூடியது.

மங்கை, கூட்டி எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். ஹெல்மூட்தான் ஊதுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த விசிலை என் வாயில் எத்தனையோ தரம் வைத்திருக்கிறேன். அதற்குள் இருக்கிற தகட்டைக்கூட நான்தான் மாற்றிப் போட்டேன். அவ்வளவும் தெரிந்துகொண்டு நின்றேன். அது முயல் இல்லை.

சத்தம் ஏறிப் போய் நின்றது. அந்த நிறுத்தம் வந்தது. நானும் எத்தனையோ மாலை அந்த நிறுத்தத்தில் துவக்கோடு காத்திருந்திருக்கிறேன், நரி எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்துக்கொண்டு. நேற்று நான் காத்திருந்தது அவள் திரும்ப மூச்செடுக்கிறாளா என்றுதான். கனநேரம் ஒன்றும் வரவில்லை. ஹெல்மூட் முறைப்படி ஊதுகிற ஆள், நெடுக ஊத மாட்டார். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அழு, அழு" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். உரக்கச் சொன்னேனோ தெரியாது. திரும்பத் தொடங்கியபோது நிலத்தில் இருந்துவிட்டேன். வெளியே ஓடவில்லை. ஓட எனக்குத் தெம்பு இல்லை. நீர் என்னைவிடத் தெம்பானவர்.

ஹெல்மூட் பின்கதவால் வந்தார். நான் நிலத்தில் இருந்ததைக் கண்டு சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பக்கத்தில் இருந்தார். "என்ன கேட்டது உனக்கு?" என்றார்.

"என்ரை மகள்" என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது. பிறகு ஜெர்மனில் சொன்னேன். எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள் என்று இந்த ஊரில் முதன்முதல் ஒரு ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பனி உருகி அவருடைய சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றது. போகும்போது, "நான் மூன்று வருசமா உன்னோட சேர்ந்து ஊதியிருக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

லைசென்ஸை இந்தமுறை புதுப்பிக்கவில்லை. இனி எலி விசிலும் இல்லை. அது உமக்காக இல்லை, என்னால் முடியாது. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது யாரோ ஒருவருடைய பிள்ளை என்று என் காது சொல்லத் தொடங்கிவிட்டது. இந்தக் காதை வைத்துக்கொண்டு துவக்குப் பிடிக்க இயலாது.

இந்த வீட்டுக்குத் திரும்பி வாரும் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் குசினியில் உம்மை எப்படி நிற்கச் சொல்வது? ஹம்மில் கால்வாய்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று அத்தான் சொல்லியிருந்தார். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கிடைத்தால் வருவேன். கிடைக்காவிட்டாலும் வருவேன். கதவைத் திறக்க மனம் இல்லாவிட்டால் அக்காவிடம் சொல்லிவிடும், கோயில் மண்டபத்தில் இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறேன்.

அவளை நீர் கிள்ளினதைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். நான் அங்கே நின்றிருந்தால் நானும் கிள்ளியிருப்பேன். இரண்டு பேருடைய கையுமாக இருந்திருக்கும். உம்முடைய கை மட்டும்தான் அங்கே இருந்தது, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

இன்னும் ஒன்று. நான் அவளைப் பற்றி அறிந்ததெல்லாம் அழுகை மட்டும்தான். நீர் எழுதினதும் அது, நான் கேட்டதும் அது. அவள் சிரித்தாளா மங்கை?

சிவகுரு

*

ஹம்ம் ஊன்ட்றொப்
24 மார்ச் 2006

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை நானே தபால்பெட்டியில் இருந்து எடுத்து வந்தேன். அக்காவுக்கு முன்னால் வாசித்தேன். அவவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

வேலை கிடைக்கும் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை ரெயினில் வாங்கோ. ஸ்டேசனுக்கு அத்தான் வருவார். நானும் வரப் பார்க்கிறேன், கொஞ்சத் தூரம் நடக்க ஏலும். அந்த வீட்டைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

ஓம், சிரிச்சவள். ஆரைப் பார்த்து, எப்பிடி எண்டு இந்தத் தாளில எழுத எனக்கு ஏலாது. எழுதினால் முடிஞ்சுபோகும். வாங்கோ. நான் செய்து காட்டுறன்.

மங்கை